தூங்கும் கண்ணை எழுப்புங்கள்!

பள்ளிபாளையம் என்று சொன்னவுடனேயே நேயர்களில் பலருக்கு நாக்கில் ஜலம் ஊறக்கூடும். வற்றல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்த கோழி, அந்த ஊரின் பெயரைப் பட்டணத்து ஹோட்டல்கள் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஆனால் ஈரோட்டிலிருந்து காவேரிப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைகிறவரை முதலில் வரவேற்பது வறுவலின் வாசனையல்ல, விசைத்தறிகளின் சத்தந்தான். தெருவுக்குத் தெரு 'சடக், சடக்' என்று தறிகள் ஓடிக் கொண்டிருக்கும்.

தறிக்காரர்களின் கண் சாதாரணக் கண் அல்ல. நூற்றுக்கணக்கில் நெருங்கி ஓடும் பாவு இழைகளுக்கு நடுவில் ஒரே ஓர் இழை அறுந்தாலும் அவர்கள் பார்வைக்குத் தப்பாது. சட்டென்று தறியை நிறுத்தி, அறுந்த நுனிகளைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். அப்படிப்பட்ட கண் படைத்த தாய் தகப்பனாரும் காணத் தவறிவிடக்கூடிய பழுது ஒன்று இருக்கிறது. அது அவர்கள் மடியிலேயே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணில் உள்ள பழுது.

"ஏன், பார்வை தெரியாவிட்டால் குழந்தை சொல்லாதா?" என்று கேட்பீர்கள். சொல்லாது. சொல்ல அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குழந்தை ஏன் சொல்வதில்லை?

உப்பையே அறியாதவனுக்குச் சாப்பாடு சப்பென்றிருப்பது தெரியுமா? அதுபோலத்தான் இதுவும். பிறந்தது முதல் உலகத்தை மங்கலாகப் பார்த்துவரும் குழந்தை, எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். தூரத்து வேப்ப மரம் அதற்கு ஒரு பச்சைப் பந்து. அந்தப் பந்தில் தனித்தனியாக இலைகள் இருக்கின்றன என்பது முதன்முதலாகக் கண்ணாடி போட்ட அன்றைக்குத்தான் தெரியவரும்.

இரண்டு கண்ணிலும் குறை இருந்தாலாவது யாராவது கவனிக்க இடமுண்டு. பையன் கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுவான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பான். டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வான். பல சமயங்களில் அவனுக்குக் கண்ணாடி கிடைப்பதற்கு முன்பே 'மண்டு' என்ற பட்டம் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் துப்புத் துலங்குவது மிகவும் கஷ்டம். நல்ல கண் இரண்டு கண்ணின் வேலையையும் தானே செய்துவிடும். குழந்தை ஓடும், ஆடும், படிக்கும். எவருக்கும் சந்தேகம் வராது.

பள்ளிக்கூடத்து வாசலில் இப்படி ஒரு சம்பாஷணை நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்:

"ஏனுங்க டீச்சர், எம்பட பையன் ஊட்டுல எல்லாத்தையும் நல்லாத்தானுங்க பாக்கறான். கீழ கெடக்கற ஊசியக்கூடப் பொறுக்கிக் குடுக்கறானுங்க. அவனுக்குக் கண்ணுல என்னங்க கொறை?"

"ரெண்டு கண்ணையும் தொறந்துட்டுப் பாத்தா எல்லாம் தெரியத்தானுங்கம்மா செய்யும். ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்தீங்களா?"

டீச்சர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது லட்சம் பெறும்.

இரண்டு நூல், ஒரு துணி

பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் துணி. அதுபோல இரண்டு கண்களும் இரண்டு படங்களை அனுப்ப, அவற்றை ஒன்றாகச் சேர்த்து நெய்து ஒரே காட்சியாக்குவது மூளையின் வேலை. கண் பார்க்கிறது என்று நாம் சொல்கிறோம்; உண்மையில் கண் படத்தை அனுப்புகிறது, பார்ப்பது மூளைதான். அந்த வித்தையை மூளை பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை. குழந்தைப் பருவத்தில் பார்த்துப் பார்த்துத்தான் பழகுகிறது.

ஒரு கண்ணிலிருந்து வரும் படம் தெளிவாகவும் மற்றொன்றிலிருந்து வருவது மங்கலாகவும் இருந்தால் மூளை என்ன செய்யும்? நல்ல நூலை வைத்துக்கொண்டு, மட்ட நூலைத் தள்ளிவிடும். நாள் ஆக ஆக அந்தக் கண்ணிலிருந்து வரும் செய்தியைக் கவனிப்பதையே நிறுத்திவிடும். கண்ணில் நோயில்லை, சிவப்பில்லை, வலியில்லை. ஆனாலும் அது தூங்கிப் போய்விட்டது. வைத்தியர்கள் இதைச் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். பாவம், சோம்பல் கண்ணுடையது அல்ல. அதற்கு வேலை கொடுப்பாரில்லை!

நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரையில் இந்தக் குறை இருக்கும் என்று உலகெங்கும் கணக்கிட்டிருக்கிறார்கள். முக்கியமான காரணங்கள் மூன்று. இரண்டு கண்களுக்கும் 'பவர்' வெகுவாக வித்தியாசப்படுவது ஒன்று. மாறுகண் இரண்டாவது. பிறவிக் கண்புரையோ, கீழே தொங்கும் இமையோ கண்ணுக்குத் திரை போட்டுவிடுவது மூன்றாவது.

இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். இப்படித் தூங்கிவிட்ட கண்ணுக்கு இருபது வயதில் உயர்ந்த கண்ணாடியாகப் பார்த்துப் போட்டாலும் எழுத்துக்கள் தெளிவதில்லை. கண்ணாடி படத்தை விழித்திரை வரையில்தான் கொண்டு சேர்க்கும். அதற்கு மேல் படித்துக்கொள்ள வேண்டிய மூளை அந்தப் பாடத்தையே கற்கவில்லையே!

பூனைக்குட்டி சொன்ன உண்மை

இந்தச் சங்கதி திட்டமாக விளங்கியது பூனைக்குட்டிகளால்தான். அமெரிக்காவில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து சில நாட்களேயான பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் இமையைத் தைத்து மூடி வைத்தார்கள். சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது கண் ஆரோக்கியமாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த அணுக்கள் அந்தக் கண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. அநேகமாக எல்லாம் திறந்திருந்த கண்ணின் பக்கம் சேர்ந்துவிட்டன. இதே சோதனையை வளர்ந்த பூனைக்குச் செய்தபோதோ, எத்தனை நாள் மூடி வைத்தும் பார்வைக்குப் பழுது வரவில்லை.

ஆகவே, பார்வை கற்கப் பருவம் என்று ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் மூடிக் கிடந்தால்தான் மோசம். இந்த ஆராய்ச்சிகளுக்காக 1981-ஆம் ஆண்டில் அவ்விருவரும் நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொண்டார்கள்.

மனிதக் குழந்தைக்கு அந்தப் பருவம் ஏறக்குறைய ஏழு, எட்டு வயது வரையில். அதற்குப் பிறகு கதவு அறவே சாத்திக்கொள்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 7 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சிகிச்சை செய்து பார்த்ததில் ஒரு பகுதியினருக்குப் பார்வை தேறியது என்று அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது. ஆனாலும் மூன்று வயதில் சுலபமாக ஆகிற காரியம் பத்து வயதில் கஷ்டமாகிறது; இருபதில் பெரும்பாலும் ஆவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

ஒரு கண் போதாதா?

"ஒரு கண்தான் நன்றாக இருக்கிறதே! அது போதாதா?" என்று சிலர் நினைக்கலாம். சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை உங்களுக்குத் தெரியும். இரண்டு கண்ணும் இழந்த அவருக்குக் காஞ்சியில் இடது கண் கிடைத்தது. அத்துடன் அவர் திருப்தியடைந்து இருந்துவிட்டாரா? இல்லை. திருவாரூர் வரையில் போய் வலது கண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கிறது புராணம்.

இரண்டாவது கண் அழகுக்காக ஏற்பட்டதல்ல. ஒரு பொருள் எத்தனை தூரத்தில், எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று நுட்பமாக அளப்பதற்கு இரண்டு கண்களும் சேர்ந்து உழைக்க வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்! இன்னொன்றும் இருக்கிறது. தறியிலிருந்து நாடா தெறித்தோ, விளையாட்டில் பந்து பட்டோ, அந்த ஒரே நல்ல கண்ணுக்குத் தீங்கு வந்துவிட்டால் பிறகு கதி என்ன? கையிருப்பில் இருக்கவேண்டிய கண் கைகொடுக்காது.

பேசாத பிள்ளைக்கும் பரீட்சை உண்டு

"மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்தே தெரியாதே, கண்ணை எப்படிச் சோதிப்பார்கள்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஹாலந்து தேசத்து ஸ்நெல்லன் என்னும் டாக்டர் 1862-இல் வகுத்த எழுத்துப் பலகை உலகப் பிரசித்தம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு 'ஈ' என்ற இங்கிலீஷ் எழுத்தை நாலு திக்கிலும் திருப்பிப் போட்ட பலகை உண்டு. அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று குழந்தை கை விரல்களால் காட்டினால் போதும். இன்னும் சிறிய குழந்தைகளுக்குப் படங்கள் இருக்கின்றன.

கைக்குழந்தையாக இருந்தாலும் கவலையில்லை. டாக்டர் ஒரு சிறு விளக்குக் கருவியால் கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அசைத்து, உள்ளிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்தே 'பவரை'க் கணக்கிட்டு விடுவார். குழந்தை ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

அதற்கு முன் கண்ணில் மருந்து விடுவார்கள். இதைக் கண்டு தாய்மார்கள் பயப்படுவதுண்டு. குழந்தைகளின் கண்ணுக்குள் இருக்கும் தசை வெகு பலசாலி. அது இறுகி இறுகி உள்ளே இருக்கும் குறையை மறைத்துவிடும். அந்தத் தசைக்குச் சற்று ஓய்வு கொடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும். மருந்து விட்டபின் கிட்டத்துப் பார்வை மங்கும். வெயிலில் கண் கூசும். சில மருந்துகளுக்கு இது ஒரு நாளில் தெளியும். அட்ரோபின் என்ற மருந்தானால் ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். பிறகு தானே சரியாகிவிடும்.

கண்ணாடிக்கு அவசியமான குறைகள் மூன்று வகை. பிறந்த குழந்தையின் கண் முன்னும் பின்னுமாக 17 மில்லிமீட்டர் நீளம், வளர்ந்தவருக்கு 24. இந்த வளர்ச்சி அளவுக்கு மிஞ்சினால், படம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்து தூரத்துப் பொருள் மங்கும். அது கிட்டப் பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய மூன்று 'பவர்' ஆகிவிடும்! கண் குட்டையாக நின்றுவிட்டால் தூரப் பார்வை. கருவிழியின் வளைவு ஒரு திசையில் அதிகமாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் அமைந்தால் எழுத்துக்கள் சிதறித் தெரியும். கண்ணாடிக் கடைக்காரர் 'சிலிண்டர் பவர்' என்று சொல்வது இதற்குத்தான்.

மாறுகண் அதிர்ஷ்டமா?

நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மாறுகண் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். வீட்டுக்கு அதிர்ஷ்டமோ என்னவோ, அந்தக் கண்ணுக்கு அது துரதிர்ஷ்டந்தான். இரண்டு கண்களும் இரண்டு திசையில் பார்த்தால் மூளைக்கு இரட்டைப் படம் கிடைக்கும். அந்தக் குழப்பம் வேண்டாமென்று மூளை ஒரு கண்ணைத் தூங்க வைத்துவிடும்.

பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையின் கண்கள் அவ்வப்போது விலகிப் பார்ப்பது சகஜம். அகன்ற மூக்குத் தண்டினாலும் சில குழந்தைகளுக்கு மாறுகண் போன்ற தோற்றம் உண்டாகும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேலும் கண் விலகிப் பார்த்தால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்டித் தீரவேண்டும்.

மாறுகண் என்றதும் கத்தி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தூரப் பார்வை அதிகமுள்ள குழந்தை, தெளிவாகப் பார்க்க முயன்று கண்ணை உள்ளே இழுத்து இழுத்தே மாறுகண் ஆகிவிடுவதுண்டு. அந்த வகைக்குச் சரியான கண்ணாடி போட்டாலே கண்கள் நேராகிவிடும். அப்படிச் சரியாகாதவற்றுக்குத்தான் ஆபரேஷன். அதிலும் கண்ணை வெளியே எடுப்பதாக நினைப்பது வெறும் கதை. விழிக்கு வெளியே அதைப் பிடித்து ஆட்டும் தசைகள் ஆறு. அவற்றில் வேண்டியதை இடம் மாற்றியோ, நீளம் குறைத்தோ தைப்பார்கள்; அவ்வளவுதான்.

நல்ல கண்ணை மூடு!

சோம்பேறிக் கண்ணுக்குச் செய்யும் சிகிச்சை கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, மந்தமான பிள்ளையிடம் உபாத்தியாயர் கேள்வி கேட்பதைப் போன்றது அது. நன்றாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டால் தூங்கும் கண் எழுந்து வேலை செய்தாக வேண்டுமல்லவா? பிரான்ஸ் தேசத்துப் பூபோன் என்ற அறிஞர் 1743-ஆம் வருஷமே இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார்.

முதலில் சரியான கண்ணாடி. அதைப் போட்டுப் பல வாரங்கள் சென்ற பிறகும் பார்வை முழுவதும் தேறாவிட்டால், நல்ல கண்ணின் மேல் பிளாஸ்திரி போன்ற ஒட்டுத் துணி. அதைக் கண்ணாடியின் மேல் ஒட்டினால் போக்கிரிக் குழந்தை ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடும். ஆகையால் தோலின்மேல் ஒட்டுவதே மேல். முன்பெல்லாம் நாள் முழுவதும் மூடி வைப்பார்கள். நடுத்தரக் குறைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஒரே பலனைத் தருகின்றன என்று 2003-இல் அமெரிக்கக் கண் வைத்தியர்கள் கண்டார்கள். கடுமையான குறைக்கு அதிக நேரம் தேவைப்படும். ஒட்டுக்கு இணங்காத குழந்தைக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைத் தற்காலிகமாக மங்க வைப்பதும் உண்டு.

அந்த இரண்டு மணி நேரமும் குழந்தையைச் சும்மா உட்கார்த்தி வைக்காதீர்கள். புள்ளி வைத்துக் கோலம் போடட்டும், பூக் கட்டட்டும், அரிசியில் கல் பொறுக்கட்டும், படத்துக்கு வர்ணம் தீட்டட்டும். முதல் சில நாள் அழுகையும் ஆர்ப்பாட்டமும் இருக்கும். மங்கலான கண்ணோடு நடமாடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? தாயாரின் பொறுமைதான் இங்கே மருந்து. ஆனால் ஒன்று: டாக்டர் யோசனை இல்லாமல் நீங்களாக எந்தக் கண்ணையும் நாள் கணக்கில் மூடி வைக்காதீர்கள். அளவு மிஞ்சினால் நல்ல கண்ணும் தூங்கக் கற்றுக்கொண்டுவிடும்.

'சோடாபுட்டி' என்ற நோய்

இத்தனையும் செய்து கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலும், அது மூக்கின்மேல் ஏறாமல் பைக்குள்ளேயே கிடப்பதுண்டு. காரணம், பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி' என்றும் 'நாலு கண்' என்றும் சக மாணவர்கள் செய்யும் கேலி. பெண் குழந்தையானால் வீட்டிலேயே வேறு ஒரு கவலை: "இப்பவே கண்ணாடியா? நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?"

பார்வை இல்லாமல் படிப்பை இழப்பதைவிடக் கண்ணாடி என்ன அவ்வளவு அவலட்சணமா? சீனாவில் பார்வைக் குறையுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்ததில், கணக்குப் பரீட்சையில் அவர்கள் மார்க்கு உயர்ந்ததாக 2014-இல் அறிவித்தார்கள். 'மண்டு' என்று பெயர் வாங்கியது புத்தியல்ல, கண் என்று ஆயிற்று!

கண்ணாடி போட்டால் கண் பலவீனமாகிவிடும் என்பதும் தவறு. வருஷா வருஷம் 'பவர்' ஏறுவது கண் வளர்வதால், கண்ணாடியால் அல்ல. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபடி காட்ட வேண்டும். எளிதில் உடையாத பிளாஸ்டிக் வில்லையாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தை தனக்குப் பிடித்த நிறத்தில் தானே சட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்போது அதைக் கழற்ற மனம் வராது.

வெளிச்சம் என்னும் மருந்து

கிட்டப் பார்வை உலகெங்கும் பெருகி வருகிறது. அதற்கு ஒரு மருந்து காசில்லாமலே கிடைக்கிறது. சீனாவின் குவாங்ஜோ நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கப்படி நடந்த பள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 குழந்தைகளுக்குக் கிட்டப் பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் சுமார் 30 பேருக்குத்தான். இந்த விவரம் 2015-இல் வெளியாயிற்று. ஆகவே வெளிச்சத்தில் ஓடியாடுகிற பிள்ளையை "வெயிலில் கறுத்துப் போவாய்" என்று உள்ளே இழுக்காதீர்கள்.

செல்போன் விஷயம் உங்களுக்கே தெரியும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அழுகிற குழந்தைக்குச் செல்போன் கொடுப்பது சுலபந்தான். தீப்பெட்டி கொடுத்தாலும் அழுகை நிற்கும், கொடுக்கிறோமா?

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழியே அழிந்து போகும். இதைத் தடுக்க 1970-ஆம் ஆண்டிலிருந்து இந்தியாவில் குழந்தைகளுக்கு வைட்டமின் மருந்து புகட்டி வருகிறார்கள். ஒன்பதாவது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது முடிய ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாக மொத்தம் ஒன்பது முறை, தவறவிடாதீர்கள். முருங்கைக் கீரையும் பப்பாளியும் நம் கொல்லையில். முட்டைக்கோ நாமக்கல் ஜில்லாவில் பஞ்சமே இல்லை. ஆனால் காரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணை உருட்டி உருட்டிப் பயிற்சி செய்தால் 'பவர்' மறைந்துவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. எண்ணெய், தேன், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதவை

இரண்டு விஷயங்களில் தாமதம் கூடவே கூடாது. கண்ணின் கரிய பாப்பாவுக்குள் வெள்ளையாகத் தெரிந்தாலும், புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக விழுந்தாலும், மறு நாளே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டால் இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

இரண்டாவது, குறைமாதக் குழந்தை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையின் விழித்திரையை 30 நாட்களுக்குள் பரிசோதித்துவிட வேண்டும். 1996-இல் சென்னையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்கவில்லை, பார்வை போயிற்று. அவளுடைய தகப்பனார் நீதிமன்றப் படியேறினார். 2015-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கோடியே எண்பது லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. தீர்ப்புக்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. பரிசோதனை ஒன்றுக்குச் சில நிமிஷம் போதும்.

எங்கே போவது?

நம் மாகாணம் கண் வைத்தியத்தில் பின்தங்கியதல்ல. சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் ஏற்பட்டது. உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் அது ஒன்று. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு இன்று கோயம்புத்தூரிலும் சேலத்திலும் கிளைகள் இருக்கின்றன. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் கிராமம் கிராமமாக முகாம் போட்டுத் தேடிப் போனதுதான் அவருடைய வெற்றியின் ரகசியம். குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். பெரியவருக்குப் பார்வை குறைந்தால் தாமே ஆஸ்பத்திரிக்கு வருவார். குழந்தையை நாம்தான் அழைத்துப் போகவேண்டும்.

பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு ஆற்றைத் தாண்டினால் ஈரோடு அரசாங்க ஆஸ்பத்திரி. மறு பக்கம் நாமக்கல்லில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. பள்ளி மாணவர்களுக்குக் கண்ணைப் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கத் தமிழ்நாட்டில் 2009-இல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் வந்தது. 2013 முதல் அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தடவையும் வைத்தியக் குழு வரவேண்டும் என்பது மத்திய சர்க்காரின் ஏற்பாடு. குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையை மட்டம் போட விடாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

டாக்டரிடம் போவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதல்லவா? அதிலிருந்து பத்து அடி தூரத்தில் குழந்தையை நிற்க வைத்து, ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் மூடுங்கள். விரல் இடுக்கால் பார்க்க விடாதீர்கள். பெரிய தேதி எழுத்து அல்ல, அதன் கீழே உள்ள சிறிய எழுத்தையோ படத்தையோ காட்டிக் கேளுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடி அதையே கேளுங்கள். இரண்டு கண்ணுக்கும் பதில் ஒன்றாக இருக்கிறதா?

கைக்குழந்தையானால் விளையாடிக் கொண்டிருக்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வலது கண்ணை மூடினால் சும்மா இருக்கும் குழந்தை, இடது கண்ணை மூடியதும் உங்கள் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா? எந்தக் கண்ணை மூடினால் அழுகிறதோ அதுதான் நன்றாகத் தெரியும் கண்! மற்றது தூங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் பரீட்சையில் குழந்தை தேறிவிட்டாலும், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால், மூன்று நாலு வயதுக்குள், ஒரு தடவையாவது கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் மாறுகண்காரரோ, சிறு வயதிலேயே கண்ணாடி போட்டவரோ இருந்தால் இன்னும் முன்னதாகவே காட்டுங்கள். காது குத்தவும் முடி எடுக்கவும் நாள் பார்க்கிறோம். கண்ணுக்கு நாள் பார்க்க வேண்டியதே இல்லை. இந்த வாரத்திலேயே ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.